ஒரு சைபர் குறைந்த நாள்

போன மாதம் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியவர் கார்த்திகேயன். நான் ரிட்டயர் ஆன பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

"மேடம், பழைய லினக்ஸ் சர்வரைக் கழட்டிட்டு எல்லாம் புதுசா மாத்துறோமுங்க. அதுல ஒரு ஃபைல்ல நீங்க ஒரு வரி எழுதி வச்சிருக்கீங்க. அத அழிக்கலாங்களா வேண்டாங்களான்னு தெரியலைங்க."

"என்ன எழுதியிருக்கேன்?"

இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்திருந்ததை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "கீழே உள்ள வரியைத் தொடாதே. தொட்டால் கட்டிங் மாஸ்டர் சாப்பிடமாட்டார்."

சிரித்துச் சிரித்து எனக்கு இருமலே வந்துவிட்டது. போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். வீட்டுக்காரருக்கு நிட்டிங் மிஷினில் வேலை கிடைத்து நல்லூரில் வீடு பிடித்தோம். நான் டைப்பிஸ்டாக அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தபோது, கீபோர்டைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் என்பதால் கம்ப்யூட்டர்களெல்லாம் என் தலையில் விழுந்தன. கோயமுத்தூருக்கு இரண்டு வாரம் லினக்ஸ் படிக்க அனுப்பினார்கள். வகுப்பில் நான் ஒருத்திதான் புடவை. முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை, இரண்டாவது வாரம் புரியவில்லை என்பது புரிந்தது. ஒரு சர்டிஃபிகேட்டும் தடிப் புத்தகமும் தந்து அனுப்பினார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

எனக்கு மேலே இருந்தவர் ஃபேக்டரி மேனேஜர் துரைசாமி சார். கொங்கு நாட்டு மரியாதை என்று சொல்வார்களே, அது முழுக்க அவரிடம்தான் குடியிருந்தது. வேலைக்கு வருகிற பிள்ளைகளை "கண்ணு" என்பார், வயதானவர்களை "சாமி" என்பார். மற்ற எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் 'ங்க'. கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். காலையில் என் அறைக் கதவைத் தட்டிவிட்டு, "சர்வருங்க எந்திரிச்சுட்டாருங்களா?" என்று கேட்பார். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் "அவருக்குத் தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சுங்க" என்பார். என் ஊரில் மாட்டை அதட்டுகிற குரலில்தான் நான் மனுஷரோடு பேசுவேன். சேர்ந்த புதிதில் நான் "என்னத்த சார் வேணும்?" என்று கேட்டதற்கு, கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து அவர் இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை.

அப்போது இரண்டாயிரத்து நாலு, ஐந்து இருக்கும். கம்ப்யூட்டர்கள் இருபதைத் தாண்டிவிட்டன. நெட்வொர்க்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் வேண்டும், ஐபி அட்ரஸ். அதை ஒவ்வொன்றிலும் நான் கையால் போட்டு, மானிட்டர் மூலையில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருந்தேன். ஒரே நம்பர் இரண்டு பேருக்கு வந்துவிட்டால் இரண்டு கம்ப்யூட்டரும் மல்லுக்கு நிற்கும். ஒருநாள் அக்கவுண்ட்ஸில் யாரோ ஸ்டிக்கரைப் பார்த்து அழகாயிருக்கிறது என்று அதே நம்பரைத் தன் கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொண்டார்கள். அன்று முழுக்க இரண்டு பேருக்கும் வேலை இல்லை.

இனி நம்பரை நான் தரமாட்டேன், சர்வரே தரும் என்று முடிவு செய்தேன். அதற்குப் பெயர் டிஹெச்சிபி. லாட்ஜ் கவுண்டர் மாதிரிதான். வருகிறவர் ரூம் இருக்கிறதா என்று சத்தம் போட்டுக் கேட்பார், கவுண்டரில் இருப்பவர் இந்த ரூம் இருக்கிறது என்பார், வந்தவர் சரி அதையே கொடுங்கள் என்பார், கவுண்டர்காரர் நோட்டில் எழுதிச் சாவியைக் கொடுப்பார். இத்தனை நேரத்துக்கு இந்த ரூம் உனக்கு என்று கணக்கு. கம்ப்யூட்டரும் சர்வரும் அப்படி நாலே வார்த்தை பேசிக்கொள்ளும். இரண்டு நொடியில் முடிந்துவிடும்.

எனக்கு அது இரண்டு நாள் பிடித்தது. எங்கள் நெட்வொர்க் 192.168.10 என்று ஆரம்பிக்கும். நூறிலிருந்து இருநூறு வரை எல்லோருக்கும், அதற்குக் கீழே உள்ளவை பிரிண்டர் போன்ற நிரந்தரவாசிகளுக்கு என்று ஃபைலில் எழுதினேன். ஸ்டார்ட் கொடுத்தால் சர்வீஸ் எழும்பவில்லை. மறுபடி எழுதினேன். எழும்பவில்லை. துரைசாமி சார் ஒரு ஸ்டூலைப் போட்டு பக்கத்தில் உட்கார்ந்து, நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். இரண்டாம் நாள் சாயங்காலம் சர்வர் தன் நடப்பை எழுதி வைக்கிற லாக் ஃபைலை வரி வரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது. ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளி இல்லை.

"இத்துனூண்டு புள்ளிக்குங்களா இத்தன கோவம் அவருக்கு?" என்றார் சார்.

புள்ளியை வைத்தேன். சர்வர் எழுந்தது. சார் எழுந்து நின்று கும்பிட்டார்.

ஸ்டிக்கரையெல்லாம் கிழித்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. கட்டிங் மாஸ்டர் மாரிமுத்துவின் கம்ப்யூட்டருக்கு சர்வர் 107 கொடுத்தது. பேட்டர்ன் வரைகிற கம்ப்யூட்டர் அது. மாரிமுத்து எண் கணிதத்தில் ஊறியவர். ஒன்றும் ஏழும் கூட்டினால் எட்டு, எட்டு சனி. அதே வாரம் ஒரு லாட்டில் கழுத்து அளவு மாறிப்போய், தலை நுழையாத டீ-ஷர்ட் ஒரு மூட்டை தைத்துவிட்டார்கள். மாரிமுத்து கேன்டீனுக்குப் போவதை நிறுத்தினார். சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் டேபிளுக்கு முன்னால் கைகட்டி நிற்பார். மூன்றாம் நாள் துரைசாமி சார் கண் கலங்கி என்னிடம் வந்தார்.

"கண்ணு, அந்த மனுசன் பட்டினி கெடக்குறாருங்க. நல்ல நம்பரா ஒண்ணு கொடுத்துப்போடுங்களேன்."

"என்ன நம்பர் வேணுமாம்?"

"கூட்டுனா ஒம்பது வரணுமாமுங்க."

"பதினெட்டு தாரேன்."

சார் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "கடசியில எட்டு நிக்குதாமுங்க."

நாற்பத்தைந்து கொடுத்தேன். அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு எண்ணை ஃபைலில் எழுதி, இவர் வந்து கேட்டால் எப்போதும் நாற்பத்தைந்தையே கொடு என்று ஒரு வரி. அதற்கு மேலேதான் கார்த்திகேயன் படித்துக் காட்டிய அந்த எச்சரிக்கை. மாரிமுத்து அன்று மதியம் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

விஷயம் பரவி, எனக்கு ஒரு நல்ல நம்பர் என்று ஆளாளுக்கு வர ஆரம்பித்தார்கள். சாரே ஒருநாள் தயங்கித் தயங்கி, "முதலாளி ரூமுக்கு ஐநூத்தி ஒண்ணு கெடைக்குங்களா?" என்றார்.

"இருநூத்தி அம்பத்தி நாலுக்கு மேல நம்பரே கிடையாது சார்."

"ஏனுங்க, அவ்வளவு சின்ன ஊருங்களா அது?"

இத்தனையும் விளையாட்டு. வினையான நாள் ஒன்று வந்தது.

டென்மார்க்கிலிருந்து ஹென்ரிக் என்ற பையர், சரக்கு வாங்குகிறவர், வந்திருந்தார். குழந்தைகள் சட்டை ஆர்டர், கன்டெய்னர் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏற வேண்டும். சரக்கைக் கண்ணால் பார்த்து அனுப்பிவிட்டுத்தான் கிளம்புவேன் என்று மூன்றாவது மாடி கெஸ்ட் ரூமில் தங்கியிருந்தார். லாரி கேட்டில் நின்றது. பேக்கிங் லிஸ்டும் இன்வாய்ஸும் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்தாகி மூன்று மணிக்குள் வண்டி கிளம்ப வேண்டும். கப்பலை விட்டால் அத்தனை பெட்டியும் விமானத்தில் போகும், அதோடு முதலாளியின் அந்த வருஷத்து லாபமும் பறந்துவிடும்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது, எல்லா கம்ப்யூட்டரும் அணைந்து மறுபடி எழுந்தன. பத்தே நிமிஷத்தில் டாக்குமென்டேஷன் பார்க்கிற சுமதி ஓடி வந்தாள். "அக்கா, சர்வர் தெரியலைங்க. பிரிண்டரும் தெரியலைங்க." பின்னாலேயே பேக்கிங், ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ். பாதிப் பேருக்கு வேலை செய்தது, பாதிப் பேருக்கு இல்லை. வேலை செய்யாதவர்கள் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சிலருக்குச் சரியானது, சரியாக இருந்த சிலருக்குப் போனது.

முதலாளி போனில் ஒரே வாக்கியம்தான் பேசினார். "ஸ்டிக்கர் ஒட்டியிருந்தப்ப நல்லாத்தானம்மா இருந்துச்சு?"

அந்த வாக்கியம் என்னைக் குத்தியது. ஸ்டிக்கரைக் கிழித்தவள் நான். இன்றைக்கு லாரி போகாவிட்டால் நாளைக்கு நான் மறுபடியும் டைப்பிஸ்ட். வெளியிலிருந்து ஒரு பேன்ட் சட்டைக்காரர் வந்து என் சர்வரைத் தூக்கிப்போட்டுவிட்டு உட்காருவார்.

சர்வரைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. ஃபைலில் எல்லா அரைப்புள்ளியும் இருந்தன. சுமதியின் கம்ப்யூட்டருக்கு மட்டும் கையால் நம்பர் போட்டுப் பார்த்தேன். அது சர்வரைப் பிடித்தது, ஆனால் பிரிண்டரைக் காணோம், பெட்டி எண்ணிக்கை அனுப்ப வேண்டிய பேக்கிங்கையும் காணோம். பழையபடி மாற்றிவிட்டேன். திரையில் அதன் நம்பரை வரவழைத்து முறைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. துரைசாமி சார் என் தோளுக்குப் பின்னால் நின்று, வீட்டு விலாசம் படிப்பது போல ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தார்.

"நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. நூத்தி அறுவத்தி எட்டு. ஒண்ணு. நூத்தி நாலு." நிறுத்தினார். "ஏனுங்க, நம்ம ஆளுங்களுக்கெல்லாம் பத்துன்னு வருமில்லீங்களா? இவருக்கு ஒரு சைபர் குறையுதுங்களே."

192.168.10 இல்லை. 192.168.1. ஒரு மணி நேரமாக அதைப் பத்து என்றே படித்துக்கொண்டிருந்தேன். அது நாங்கள் கொடுத்த நம்பரே இல்லை.

சர்வரின் லாக்கைத் திறந்தேன். சுமதியின் கம்ப்யூட்டர் ரூம் கேட்டிருந்தது, என் சர்வர் ரூம் இருக்கிறது என்று சொல்லியிருந்தது. அதற்கு அடுத்த வரியில், அது வேறொரு கவுண்டரைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தது. அந்தக் கவுண்டரின் நம்பர் அடைப்புக்குறிக்குள் தெளிவாக இருந்தது. 192.168.1.1.

"சார், நம்ம கம்பெனிக்குள்ள இன்னொரு ஆள் உக்காந்து நம்பர் கொடுத்துக்கிட்டு இருக்கான்."

சார் முகம் வெளுத்துவிட்டது. "யாருங்க அது, கேக்காம உள்ள வந்தவரு?"

அதுதான் தெரியவில்லை. யார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறாரோ அவர் நம்பர்தான் ஒட்டும். அந்த ஆள் என் சர்வரைவிட வாய்த் துடுக்குக்காரனாக இருந்தான். கேபிள் கேபிளாகப் பிடுங்கித்தான் பிடிக்க வேண்டும். சுமதி தன் கம்ப்யூட்டரிலிருந்து 192.168.1.1-ஐ விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள், திரையில் பதில் வரி வரியாக வந்துகொண்டே இருக்கும். நான் முதல் மாடியில் கட்டிங் பக்கம், எல்லாக் கேபிளும் வந்து சேருகிற ஸ்விட்ச் பெட்டியில் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றுவேன். எதைக் கழற்றும்போது பதில் நிற்கிறதோ அந்தக் கேபிளின் மறுமுனையில் அவன்.

பெட்டியைத் திறந்தால் இன்னொரு கூத்து. ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியன் அடையாளத்துக்கு எங்கள் சட்டையில் வைக்கிற சைஸ் லேபிள்களையே கேபிள்களில் கட்டியிருந்தார். ஒன்று எக்ஸ்எல், ஒன்று மீடியம், ஒன்று '3-6 மாதம்'. எது எந்த அறைக்கு என்பது அவருக்கு மனப்பாடம். அவர் துபாய் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

கீழே இருக்கும் சுமதி மேலே இருக்கும் என்னிடம் எப்படிச் சொல்வது? டைம் ஆபீஸில் ஆளைக் கூப்பிடுகிற மைக் இருந்தது, சுமதியின் மேஜைக்குப் பக்கத்திலேயே. ஃபேக்டரி முழுக்க ஸ்பீக்கர். அந்தப் பொறுப்பை சார் தானே எடுத்துக்கொண்டார்.

முதல் கேபிளைப் பிடுங்கினேன். ஸ்பீக்கரில் சாரின் குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. "ஸ்டெல்லாங்க, இன்னும் வந்துட்டே இருக்குதுங்க."

திரும்பச் செருகிவிட்டு அடுத்ததைப் பிடுங்கினேன். "இப்பவும் வர்றாருங்க."

தையல் லைனில் ஆட்கள் தலையைத் தூக்கி வாசலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யாரோ வருகிறார்களாம். இன்ஸ்பெக்ஷன் என்று ஒருவர் சொல்லி, பான்பராக் பாக்கெட்டெல்லாம் மிஷினுக்கு அடியில் போயின. ஏழாவது கேபிள், லேபிள் 'லார்ஜ்'. பிடுங்கினேன்.

"நின்னுருச்சுங்க! நின்னுருச்சுங்க!" சாருக்குச் சந்தோஷத்தில் குரல் உடைந்துவிட்டது.

இருநூறு தையல் மிஷினும் நின்றன. பவர் நின்றுவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். நிறுத்தச் சொல்கிறார் என்று வேறு சிலர் நினைத்தார்கள். பீகார்ப் பையன்களுக்குத் தமிழ் புரியாது, ஆனால் எல்லோரும் எழுந்தால் டீ என்பது புரியும். டீ குடிக்கப் போய்விட்டார்கள். மாரிமுத்து கத்தரியோடு என்னிடம் ஓடி வந்தார். "என்னம்மா நின்னுச்சு? யாருக்கு?" யாருக்கோ இதயம் நின்றுவிட்டது என்று அவர் நினைத்திருந்தார்.

நான் கேபிளைப் பிடித்தபடியே கீழே ஓடினேன், அது எந்த அறை என்று பார்க்க. சுமதியின் மேஜையில் வந்து முடிந்தது. சுமதியின் சொந்தக் கேபிள். தன் கேபிளே பிடுங்கப்பட்டால் யாருக்குத்தான் பதில் வரும்?

"ஏட்டி சுமதி, ஒன் கம்ப்யூட்டர் கேபிள்டி இது!"

"நீங்கதானக்கா பிடுங்கினீங்க?" என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

மணி ஒன்றாகிவிட்டது. ஹென்ரிக் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மிஷின்கள் நிற்கின்றன, ஆட்கள் டீ குடிக்கிறார்கள், லாரி டிரைவர் நிழலில் தூங்குகிறார். அவர் முகம் சிவந்திருந்தது. சார் மைக்கை அணைக்க மறந்து பதில் சொன்னார். "சார்ங்க, லிட்டில் ப்ராப்ளமுங்க. டென் மினிட்ஸ்ங்க. ப்ளீஸ் டீங்க." இதையும் ஃபேக்டரியே கேட்டது. அங்கங்கே கைதட்டல் கூட.

எல்லோரையும் உட்கார வைத்து மறுபடி ஆரம்பித்தோம். சாருக்கு ஒரு கட்டளை போட்டேன். "பதில் நின்னா 'நின்னுருச்சு'ன்னு சொல்லாதீங்க சார். வேற ஏதாவது சொல்லுங்க." அவர் ரொம்ப யோசித்து, "வணக்கம்னு சொல்றனுங்க" என்றார்.

பதினெட்டாவது கேபிள். லேபிள் '6-9 மாதம்'. பிடுங்கினேன்.

"வணக்கமுங்க!"

முந்நூறு பேர் திரும்ப வணக்கம் சொன்னார்கள்.

கேபிளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. அது கெஸ்ட் ரூம் கதவுக்கு அடியில் நுழைந்தது.

ஹென்ரிக் தன் ஊரிலிருந்து ஒரு வயர்லெஸ் டப்பாவைக் கொண்டுவந்திருந்தார், கட்டிலில் படுத்தபடியே மெயில் பார்க்க. அன்று காலையில்தான் சுவர்க் கேபிளை அதில் செருகியிருந்தார், தப்பான ஓட்டையில். வெளியிலிருந்து நெட் வாங்கிக்கொள்ளும் ஓட்டைக்குப் பக்கத்தில், நம்பர் கொடுக்கும் ஓட்டையில். அதற்குள் எல்லோரும் என் நம்பரோடு நிம்மதியாக இருந்ததால் டப்பாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கரண்ட் போய் வந்ததும் பிரிண்டர் உட்பட எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நீட்ட, டப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம்.

கேபிள் பிடுங்கிய பிறகு கீழே எல்லாம் சரியாகிவிட்டது. அவரவர் கம்ப்யூட்டரை அணைத்துப் போட, என் சர்வர் ஒவ்வொருவருக்கும் ஒரு சைபர் சேர்த்து நம்பர் கொடுத்தது. பிரிண்டர் இருமிவிட்டுப் பேக்கிங் லிஸ்டைத் துப்பியது. இரண்டே முக்காலுக்கு லாரி கேட்டைத் தாண்டியது. மறுநாள் காலை முதலாளி போன் செய்தார். ஸ்டிக்கரைப் பற்றிப் பேசவில்லை, கப்பல் ஏறிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

ஆனால் லாரி போன அன்றே, கேட்டை மூடுவதற்குள், ஹென்ரிக் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். காலையிலிருந்து அவருக்கும் நெட் கிடைக்கவில்லையாம், இப்போது சுத்தமாக இல்லையாம், உங்கள் நெட்வொர்க் ரொம்ப மோசம் என்றார். நான் வாயைத் திறந்தேன். சார் என் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"கண்ணு, வேண்டாங்க. விருந்தாளிங்க. நீங்க மேல போய்ச் சரிபண்ணிக் குடுத்துப்போட்டு வந்துருங்க. தப்பு நம்மளதுன்னே இருக்கட்டுங்க."

போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு, டப்பாவில் கேபிளை ஓர் அங்குலம் தள்ளிச் சரியான ஓட்டையில் செருகினேன். கீழே வந்து ஸ்விட்சில் '6-9 மாத'த்தையும் செருகினேன். ஹென்ரிக்குக்கு நெட் பறந்தது. என் கையைக் குலுக்கி, இவ்வளவு சீக்கிரம் சரிசெய்கிற ஆளை ஐரோப்பாவில்கூடப் பார்த்ததில்லை என்றார். ஊருக்குக் கிளம்பும்போது அந்த டப்பாவையே சாருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். சார் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

இரண்டு மாதம் கழிந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் கம்பெனியின் பெருமாநல்லூர் யூனிட்டிலிருந்து போன். அங்கே பாதிக் கம்ப்யூட்டருக்கு சர்வர் தெரியவில்லையாம்.

"உங்க நம்பரப் படிங்க," என்றேன். படித்தார்கள். மறுபடியும் அதே 192.168.1. பையை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

சார் அன்று அந்த யூனிட்டில்தான் இருந்தார். அவர் அறையில், முந்தின நாள் பூஜைப் பலகையில், கத்தரிகளுக்கும் டேப்புக்கும் நடுவில் அந்த டப்பா. சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. அதன் பின்னாலிருந்து ஒரு கேபிள் சுவருக்குப் போயிருந்தது. பச்சை விளக்குகள் உற்சாகமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன.

"பூஜையில வச்ச பொருளு சும்மா கெடக்கக் கூடாதுன்னு சொருகி வச்சனுங்க," என்றார் சார். என் முகத்தைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். அவருக்கு மெல்லப் புரிந்தது.

"இவருங்களா?"

"இவருதான் சார். கழட்டட்டுமா?"

"கழட்டுங்க கண்ணு," என்றார் சார். "ஆனா மரியாதையாக் கழட்டுங்க."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, இரண்டு கையாலும் கழற்றினேன்.